கண் இருளும் நொடியில் ஒரு படம்

1976-ல் பென்டாக்ஸ் கே1000 என்றொரு ஜப்பானிய ஃபிலிம் கேமரா விற்பனைக்கு வந்தது. பேட்டரி இல்லாமலேயே படம் எடுக்கும் என்பது அதன் பெருமை. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி வெளிச்சத்தை அளந்து காட்ட மட்டும்தான். மற்றதெல்லாம் ஸ்பிரிங்கும் பற்சக்கரங்களும் பார்க்கிற வேலை. அதனால்தான் சரியாகப் பராமரித்த கேமராக்கள் இன்றும் ஓடுகின்றன.

லென்ஸ் வழியே வரும் ஒளி, 45 டிகிரி சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்புகிறது. அங்கே விழும் பிம்பம் இடவலம் மாறியிருக்கும். கேமராவின் தலையில் கூரை மாதிரி முட்டிக்கொண்டு நிற்கிறதே, அதற்குள் ஒரு கண்ணாடிப் பட்டகம் உண்டு. அதுதான் பிம்பத்தை நேராக்கி நம் கண்ணுக்கு அனுப்புகிறது.

பட்டனை அழுத்தினால் அந்தச் சாய்ந்த கண்ணாடி சட்டென்று மேலே எழும். ஃபிலிமை மறைத்திருக்கும் முதல் துணித்திரை விலகி ஓடும். இரண்டாவது திரை அதைத் துரத்திவந்து மூடும். வேகத்தை 1/1000 நொடி என்று வைத்தால், இரண்டு திரைகளுக்கும் நடுவே சின்ன இடுக்குதான் இருக்கும். அந்த இடுக்கு ஃபிலிமின் மேல் நகர்ந்துபோகும்போதே படம் பதிவாகிவிடும். கண்ணாடி மேலே போய்விட்டதால் அந்தக் கணம் நம் கண்ணுக்கு இருட்டு. ஆமாம், படம் பதிவாகும் கணத்தை மட்டும் படம் எடுப்பவரால் பார்க்க முடியாது!

பழைய கேமரா வாங்கப் போகிறீர்களா? ஃபிலிம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பின்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். வேகத்தை 1 நொடிக்கு வைத்து அழுத்தினால் திரை திறந்து மூடுவது கண்ணுக்கே தெரியும். பாதியில் நின்றால் வாங்க வேண்டாம். கதவோரம் ஒட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்திருந்தால் கவலை இல்லை, மாற்றிவிடலாம்.

லென்ஸைத்தான் ரொம்பக் கவனிக்க வேண்டும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சை. காற்றில் ஈரம் அதிகமானால் கண்ணாடி மீதும் அது வளரும். அது சுரக்கும் அமிலம் லென்ஸின் மேல்பூச்சை அரித்துவிடும். பூஞ்சையைத் துடைத்து எடுக்கலாம், அரித்த தழும்பு போகாது. கடலோர ஊர்க்காரர்கள் லென்ஸைத் தோல் உறையில் பூட்டி வைக்கவே கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கேமராவுக்குள் சாய்ந்து நிற்கும் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம் இருக்கும். இதற்கு முன்பக்கமே பூச்சு, லேசாகத் தேய்த்தாலும் கீறல் விழும். தூசியை ரப்பர் ஊதியால் ஊதினால் போதும்.

இன்னொன்று. கேமரா வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள். லென்ஸ் அந்த வெளிச்சத்தைக் குவித்து அனுப்பும், கண் நிரந்தரமாகப் பழுதாகிவிடும்.