எல்லாமே படை இல்லீங்க!

தோலில் சிவந்த திட்டு, அரிப்பு வந்தால் 'படை'ன்னு சொல்லி களிம்பு தடவுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற அபூர்வமான தோல் புற்றுநோயும் ஆரம்பத்தில் இதே மாதிரிதான் இருக்குமாம்!

1806-ல் பாரிஸில் அலிபெர் என்ற மருத்துவர் இதை விவரித்தார். முற்றிய கட்டிகள் காளான் போல இருந்ததால்தான் அந்தப் பெயர். பூஞ்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கெட்டுப்போவது வெள்ளணுக்களில் ஒன்றான டி செல்.

கண்ணால் பார்த்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. தோலில் சிறு துணுக்கு வெட்டி, அதாவது பயாப்சி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கணும். தனிச் சாயம் ஏற்றினால் டி செல்லா, பி செல்லா என்பது தெரியும். தோல் லிம்போமாக்களை முதலில் இப்படித்தான் வகை பிரிக்கிறார்கள். முதல் பயாப்சியில் பிடிபடாமலும் போகலாம், மறுபடி எடுக்கணும்.

நண்பர்களே! இது பெரும்பாலும் மெதுவாக வளரும் நோய். பயம் வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் ஆறாத திட்டுக்குக் களிம்பை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.