பள்ளம் அறுந்தால் குளம் நிறையாது!
முழுமைத் திட்டத்தில் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருக்கும். மலையடிவாரத்தில் பள்ளம் இரு கரையும் தொட்டு ஓடும். ஆனால், கீழே இருக்கும் குளத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர் நிற்கும். குளத்தைத் தூர்வாரியாகிவிட்டது, மதகையும் சரிசெய்தாகிவிட்டது. பிறகும் ஏன் நிறையவில்லை? பதில் குளத்தில் இல்லை. மலைக்கும் குளத்துக்கும் நடுவே இருக்கிறது. ஓரிடத்தில் பள்ளத்தின் மேல் மனைப்பிரிவுச் சாலை. இன்னோரிடத்தில் வாய்க்காலை ஒட்டிச் சுற்றுச்சுவர். அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிட்டது.

ஒரே உடம்பு

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பெரியாறு, சின்னாறு போன்ற ஓடைகள் கூடி நொய்யலாகிறது. சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. வழியில் அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், வாய்க்கால்கள் நிரப்பும் குளங்கள் எனச் சங்கிலிபோல அமைத்து வைத்தார்கள் முன்னோர்கள். ஒரு குளம் நிரம்பி வழிந்தால் அடுத்ததற்குப் போகும். இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அதற்குக் கீழே உள்ள கிணறுகளில் ஊற்று குறைந்துவிடும்.

தண்ணீர் மட்டும் இந்த வழியில் போவதில்லை. பள்ளத்தோரப் புங்கன், வேம்பு, நொச்சிப் புதர்களில்தான் தேனீக்களும், புழுக்களைத் தின்னும் குளவிகளும், பொறிவண்டுகளும் தங்குகின்றன. பக்கத்துத் தோட்டத்துப் பாகல், புடலையில் காய் பிடிப்பதற்கு இந்தத் தேனீக்களும் ஒரு காரணம். எலிகளைப் பிடிக்கும் ஆந்தைக்கும் அங்கேதான் இருப்பிடம். மலையோர ஊர்களில் யானைகளும் பள்ளத்தை ஒட்டியே நடக்கின்றன. அந்த வழி அடைபட்டால் யானை நின்றுவிடாது. பக்கத்திலுள்ள வாழைத் தோட்டத்துக்குள் நுழைந்துதான் போகும்.

ஒவ்வொரு மனுவும் தனித்தனி

இவ்வளவு முக்கியமான தொடர்பு எப்படி அறுகிறது? யாரும் ஒரே நாளில் அறுப்பதில்லை. விவசாய நிலத்தை வீட்டுமனையாக்க நில உபயோக மாற்றம் கேட்டு ஒருவர் மனு கொடுக்கிறார். அந்தச் சர்வே எண் மட்டும் பரிசீலிக்கப்படுகிறது. 2 ஏக்கர்தானே என்று அனுமதி கிடைக்கிறது. அடுத்த ஆண்டு பக்கத்துக் காடு, அதற்கடுத்த ஆண்டு எதிர்க்கரை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியதுதான். மொத்தமாகப் பார்க்கும்போது பள்ளத்துக்கு மூச்சுவிட இடமில்லை.

எல்லாச் சர்வே எண்களையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் முழுமைத் திட்டம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன்படி தயாராகும் இந்தத் திட்டம்தான் எது குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று வரையறுக்கிறது. நகரத்துக்கு மட்டும் போடுவது என்று நினைத்து விவசாயிகள் இதைக் கவனிப்பதில்லை. ஆனால், கோவைக்கு 1994-ல் ஒப்புதல் பெற்ற திட்டம்கூட சுற்றியுள்ள ஏராளமான கிராமங்களையும் சேர்த்தே போடப்பட்டது.

பிறகு மீட்பது கடினம்

நீலகிரி மாவட்டம் சீகூர் யானை வழித்தடம் இதற்குப் பாடம். மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பாதை அது. தங்கும் விடுதிகளும் வேலிகளும் வந்த பிறகு, 2010-ல்தான் அரசு அதை வழித்தடமாக அறிவித்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. முதலிலேயே வரைபடத்தில் ஒரு கோடு போட்டுக் காப்பாற்றியிருக்கக்கூடிய இடத்துக்காக, அறிவிப்பு வந்த பிறகும் 10 ஆண்டுகள் வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

பட்டா நிலத்தின் மதிப்பு குறையுமா?

விவசாயிகளின் நியாயமான பயம் இது. மகள் கல்யாணத்துக்கோ, கடனுக்கோ நிலத்தை விற்க வேண்டிய நாள் வரலாம். அப்போது விவசாய மண்டலம் என்றால் மனை விலை கிடைக்காது என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ஓடை, வாய்க்கால், குளம் ஆகியவை பெரும்பாலும் புறம்போக்காகவே பதிவாகியிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றுவதால் யார் பட்டாவிலும் ஒரு சென்ட் குறையப்போவதில்லை. மாறாக, ஓடை அடைபட்டால் கீழ்நிலத்துக்காரரின் கிணறு வற்றும். தண்ணீர் இல்லாத நிலத்துக்கு விலையும் இருக்காது.

பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகள் போக 10 சதவிகித இடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கான திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இடத்தை ஏதோ ஒரு மூலையில் ஒதுக்காமல், ஓடையை ஒட்டி ஒதுக்கும்படி ஊர் கேட்கலாம். விற்பவருக்கும் நட்டமில்லை, ஓடைக்கும் கரை கிடைக்கும்.

என்ன செய்யலாம்?

* கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேடு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, மலையிலிருந்து குளம்வரை உள்ள ஓடை, வாய்க்கால் புறம்போக்குகளின் சர்வே எண்களைப் பட்டியலிடுங்கள். பிறகு நேரில் நடந்து பார்த்து, எங்கே அடைபட்டிருக்கிறது என்று குறியுங்கள்.

* வரைவு முழுமைத் திட்டம் அறிவிக்கப்பட்டால், அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். ஆட்சேபம், ஆலோசனை தெரிவிக்கக் குறைந்தது 2 மாதம் அவகாசம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் கொடுக்கலாம்.

* 'ஓடையைக் காப்பாற்றுங்கள்' என்று பொதுவாக எழுதினால் பலனில்லை. 'இந்தச் சர்வே எண்ணில் உள்ள ஓடை, வரைவுப் படத்தில் விடுபட்டிருக்கிறது' என்று குறிப்பாக எழுதி, நகல்களை இணைத்து, ஒப்புகை பெறுங்கள்.

* ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் நடக்கும் கிராம சபையில் அந்தப் பட்டியலைத் தீர்மானமாக்குங்கள். பக்கத்து ஊராட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடை ஊர் எல்லையோடு நின்றுவிடுவதில்லை.

* சொந்த நிலத்தில் ஓடைக்கரையை வரப்புபோலச் செதுக்கி உள்ளே சேர்க்காதீர்கள். நொச்சி, பனை, புங்கன் வைத்து விடுங்கள். கரை அரிக்காது, தேனீயும் வரும்.

கோடைதான் ஓடையை நடந்து பார்க்க ஏற்ற காலம். மழை வந்த பிறகு குளத்தைப் பார்த்துப் புலம்புவதைவிட, பங்குனி வெயிலில் அரை நாள் நடப்பது மேல்.