குவாண்டம் இயக்கவியல் கற்பித்தலுக்கு வருங்கால ஆசிரியரை ஆயத்தம் செய்தல்: தளவிளைவுவழி அணுகுமுறை

ஆய்வுச் சுருக்கம்

குவாண்டம் இயக்கவியலில் கணக்கிடத் தெரிந்தவர் அனைவரும் அதனைக் கற்பிக்க வல்லவர் ஆகார். இத்தாலியின் உடினே பல்கலைக்கழகத்தில் உருவான தளவிளைவுவழி அணுகுமுறையைக் கொண்டு, ஆசிரியர் பயிற்சியில் தெளிவுபெற வேண்டிய கருத்தொன்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆசிரியர் பயிற்சி, ஃபோட்டான், தளவிளைவு, மேற்பொருந்துதல், கலவை.

முன்னுரை

பாடநூல்கள் பெரும்பாலும் வரலாற்று வரிசையைப் பின்பற்றுகின்றன. 1900இல் பிளாங்க், 1905இல் ஐன்ஸ்டீன், 1913இல் போர், 1924இல் டி ப்ராய் என அவ்வரிசை அமைகிறது. மாணவர் மனத்தில் நிலைப்பதோ, அணுக்கருவைக் கோள்போல் சுற்றும் எலக்ட்ரானின் படம். பட்டப்படிப்பில் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிற்குத் தீர்வு கண்ட பின்னரும் அப்படம் தானாக மறைவதில்லை. ஆசிரியராகும்போது அவருடன் வகுப்பறைக்குள்ளும் நுழைகிறது. பாட அறிவும் கற்பித்தல் அறிவும் இணைந்த தனி அறிவுவகை ஆசிரியர்க்குத் தேவை என 1986இல் லீ ஷுல்மன் வலியுறுத்தியது இங்கு நினைக்கத்தக்கது.

மூன்று போலராய்டுகள்

மரிசா மிக்கேலினியும் உடினே ஆய்வுக் குழுவினரும் வரலாற்று வரிசையை விடுத்து, டிராக்கின் வழியில் ஒளியின் தளவிளைவிலிருந்து தொடங்கினர். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு போலராய்டுகளின் வழியே ஒளி செல்லாது. அவற்றிடையே 45° கோணத்தில் மூன்றாவது போலராய்டைச் செருகினால் ஒளி தோன்றுகிறது. மாலஸ் விதிப்படி, முதல் போலராய்டைக் கடந்த ஒளியில் நான்கில் ஒரு பங்கு வெளிவரும்.

இதனை அலைக்கொள்கையும் விளக்கும் என்பதைப் பயிற்சி மறைத்தலாகாது. ஃபோட்டான் பிளவுபடாது என்பதே குவாண்டம் நோக்கின் தொடக்கம். 1986இல் கிராஞ்சியே, ரோஜர், ஆஸ்பே ஆகியோரின் ஒற்றை ஃபோட்டான் சோதனை இதனைக் காட்டியது. எனவே மாலஸ் விதியின் பங்கு, ஒரு ஃபோட்டான் கடப்பதற்கான நிகழ்தகவாகப் பொருள்பெறுகிறது.

மேற்பொருந்துதலும் கலவையும்

‘45° ஃபோட்டான்களில் பாதி கிடைநிலையிலும் பாதி செங்குத்துநிலையிலும் உள்ளனவா?’ என்று மாணவர் வினவக்கூடும். செங்குத்துப் போலராய்டை மட்டும் வைத்துச் சோதித்தால் ‘ஆம்’ என்றே தோன்றும். இருவகைக் கற்றையிலும் பாதியே கடக்கும். போலராய்டை 45°க்குத் திருப்பினால் வேறுபாடு புலப்படும். 45° கற்றை முழுவதும் கடக்கும். கலவையில் பாதிதான் கடக்கும். ஆகவே மேற்பொருந்துதல் என்பது அறியாமையின் மறுபெயர் அன்று; அது தனித்த ஒரு நிலை. இவ்வேறுபாட்டை உணராத ஆசிரியர் ‘ஆம்’ என விடையளித்தால், மாணவர் குவாண்டம் நிகழ்தகவை நாணயச் சுண்டலுக்கு நிகராகவே கருதுவர்.

பயிற்சியில் செய்யத்தக்கன

பயிற்சி ஆசிரியர் முதலில் விளைவை முன்கணித்து எழுத வேண்டும். பின்னர்ச் சோதித்துத் தம் கணிப்புடன் ஒப்பிட வேண்டும். இறுதியாக, மாணவர் வினாவிற்குச் சமன்பாடின்றி விடையெழுத வேண்டும். இவ்வணுகுமுறைக்கு எல்லையும் உண்டு. இருநிலை அமைப்பிலிருந்து அணு அமைப்பு நேரடியாகக் கிடைக்காது. அவ்விணைப்பைப் பயிற்சியே அமைத்துத்தர வேண்டும்.

முடிவுரை

குவாண்டம் இயக்கவியல் கற்பித்தலில் ஆசிரியரின் ஆயத்தம், தீர்த்த கணக்குகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுவதன்று. மாணவரின் இயல்பான வினாவில் மறைந்துள்ள பழைய படத்தைக் கண்டறிந்து, அதனைச் சோதனையால் மாற்றும் திறனே அதன் அளவுகோல் எனலாம்.