வீடு புகுந்து கொள்ளை... தண்டனை போதாது என்றால் யார் அப்பீல் போவது?

பென்னாகரம் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகள் காட்டுக்கு நடுவே தனித்தனியாகத்தான் இருக்கும். பிள்ளைகள் பெங்களூரு, திருப்பூர் என்று வேலைக்குப் போய்விட, வயதானவர்கள் மட்டும் இருப்பார்கள். அப்படி ஒரு வீட்டில் ராத்திரி புகுந்து, பாட்டியை அடித்துத் தாலிக்கொடியைப் பறித்தவனுக்கு ஒரு வருடம்தான் தண்டனை என்று வைத்துக்கொள்வோம். 'இது போதாது' என்று பாட்டி அப்பீல் போக முடியுமா?

முடியாது. மகனைக் கடத்திக் கொன்ற வழக்கில், ஆயுள் தண்டனை போதாது, தூக்கு வேண்டும் என்று டெல்லியைச் சேர்ந்த தந்தை ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2020 ஆகஸ்டில் அது தள்ளுபடியானது. குற்றவாளி விடுதலையானாலோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு குறைந்தாலோதான் பாதிக்கப்பட்டவர் அப்பீல் போகலாம். தண்டனை குறைவு என்று போகும் உரிமை அரசுக்கே. இப்போது அது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 418-வது பிரிவு. இங்கிலாந்தில் பக்கத்து வீட்டுக்காரர்கூட அட்டர்னி ஜெனரலுக்கு எழுதிப்போடலாம். நம் ஊரில் அரசு வழக்கறிஞரிடம் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

பாட்டிக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. 90 நாள்களுக்குள் தருமபுரி செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ 'சீராய்வு மனு' போடலாம். ஆனால் அது உரிமை அல்ல. ஏற்பதும் மறுப்பதும் கோர்ட்டின் விருப்பம்.

பலருக்குத் தெரியாத சிக்கல் வேறு. கொள்ளைக்குச் சட்டத்தில் 10 ஆண்டு வரை உண்டு. ஆனால் அந்த வழக்கை விசாரிப்பது மாஜிஸ்திரேட். அவரால் 3 ஆண்டுக்கு மேல் கொடுக்க முடியாது. அரசு அப்பீல் போனாலும், கீழ்க்கோர்ட் கொடுத்திருக்கக்கூடிய அளவைத் தாண்ட முடியாது!

கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினாலோ, எலும்பு முறிகிற அளவுக்குக் கொடுங்காயம் ஏற்படுத்தினாலோ கதை வேறு. வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். குறைந்தபட்சமே 7 ஆண்டு. அதனால் அரிவாளைக் காட்டியதையும் கை முறிந்ததையும் முதல் புகாரிலேயே சொல்வது முக்கியம். ஆஸ்பத்திரிச் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வழக்கு மாஜிஸ்திரேட்டிடமே நடந்தால், 3 ஆண்டு போதாது, 7 ஆண்டு வரை கொடுக்கக்கூடிய தலைமை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புங்கள் என்று அரசு வழக்கறிஞர் கேட்கலாம். தண்டனையை அறிவிப்பதற்கு முன்பே கேட்டாக வேண்டும். பாட்டி கோர்ட் அனுமதியோடு சொந்தமாக ஒரு வக்கீல் வைத்து அவருக்கு உதவலாம்.

இன்னொன்று: அரசு அப்பீல் போனால், அதே அப்பீலில் குற்றவாளியும் 'என்னை விடுதலை செய்யுங்கள்' என்று கேட்கலாம்.