உங்களுக்குத் தெரியுமா? பனிக்காலத்தில் சினைப்பசுவின் தீனி

வட அமெரிக்கச் சமவெளிகளில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாட்டினப் பசுக்கள் பெரும்பாலும் வசந்தகாலத்தில் கன்று ஈனுகின்றன. ஆகவே சினையின் கடைசி மூன்று மாதங்கள் கடுங்குளிரில் கழிகின்றன. கன்று தன் பிறப்பு எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பெறுவதும் அப்போதுதான். மேய்ச்சல் நிலம் பனிக்கடியில் கிடக்க, கோடையில் அறுத்து உலர்த்திச் சுருட்டி வைத்த புல்லே கதி.

அந்தப் புல்லின் தரம் பெரும்பாலும் அறுத்த பருவத்தைப் பொறுத்தது. கதிர் முற்றிய பின் அறுத்தால் மகசூல் கூடும். ஆனால் நார் ஏறிப் புரதம் இறங்கிவிடும். நடுச்சினையில் தீவனத்தில் 7 சதவீதப் புரதம் போதும்; நிறைசினையில் 8 முதல் 9 வேண்டும்; ஈன்றபின் சுமார் 11. முற்றிய புல்லை வயிறு முட்டத் தின்றும் பசு இளைப்பதுண்டு. நார் மிகுந்தது மெதுவாகவே செரிக்கும். பெருவயிறு காலியானால்தானே மேலும் தின்ன முடியும்? குதிரைமசாலைச் சேர்த்துக் கொடுத்தால் புரதக்குறை தீரும்.

பச்சை நிறத்தையும் மணத்தையும் நம்பி ஏமாறுவோர் உண்டு. புல்லுருளைக்குள் குழாயைச் செருகி எடுத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதே சரி. வறட்சியில் வாடிய ஓட்ஸ் புல்லுக்கு நைட்ரேட் சோதனையும் தேவை. அளவு மிஞ்சினால் சினை கலையலாம்.

குளிரும் கணக்கில் சேரும். அடர்ந்த பனிக்கால ரோமம் உலர்ந்திருந்தால் சுமார் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை பசு தாங்கும். நனைந்துவிட்டாலோ 15 டிகிரியிலேயே கூடுதல் தீனி தேவைப்படும்.