நோய் வராமல் காப்பவர்களின் சம்பளக் கணக்கு

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் அத்தனையும் திறக்கப்பட்டன. வன்னியின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கானோர் இடைத்தங்கல் முகாம்களுக்குப் போனார்கள். இப்படியான வெள்ளத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் வெளிக்களப் பணியாளர்களுக்கு வேலை பன்மடங்காகும். கிணறுகளுக்குக் குளோரின் இடவேண்டும். முகாமில் இருக்கும் கர்ப்பிணிகளைத் தேடிப் பார்க்கவேண்டும். வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை கொடுக்கவேண்டும்.

பொதுச் சுகாதார பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும்தான் இந்தப் படையின் முன்வரிசை. ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்குச் சுமார் 3,000 பேர் என்பது இலங்கையில் பொதுவான அளவு. நகரத்தில் அந்த 3,000 பேரும் சில ஒழுங்கைகளுக்குள் இருப்பார்கள். கிளிநொச்சியின் வட்டக்கச்சி, இராமநாதபுரம், சாந்தபுரம் பக்கம் அதே தொகையினரைப் பார்க்க வாய்க்கால் வீதிகளில் நெடுந்தூரம் ஓடவேண்டும். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் இந்தத் தூரம் எத்தனை பெரியது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

இவர்களின் உழைப்புக்கு மலேரியாவே சாட்சி. 1999இல் இலங்கையில் 264,549 பேருக்கு மலேரியா கண்டது. போர் நடந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளே மோசமாகப் பாதிக்கப்பட்டன. அதைப் பரப்பிய நுளம்பு, நீர் வற்றும் ஆற்றுப் படுகையின் குட்டைகளில் பெருகுவது. வீடு வீடாக மருந்து தெளித்து, இரத்தம் சோதித்து, நுளம்பு வலை கொடுத்து நோயை விரட்டினார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், மலேரியாவைப் பரப்பக்கூடிய புதிய நுளம்பு இனமொன்று மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. வேலை முடிந்துவிடவில்லை.

சம்பளம் மட்டும் அதற்கேற்ப வளரவில்லை. 2022 பெப்ரவரியில் 18 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் சம்பள முரண்பாடு, பதவி உயர்வு உட்பட ஏழு கோரிக்கைகளோடு வேலைநிறுத்தம் செய்தன. அரசாங்கம் சுகாதாரத்தை அத்தியாவசிய சேவையாகப் பிரகடனம் செய்தது. 2024 தொடக்கத்தில், போக்குவரத்துக்கும் அழைத்த நேரம் வருவதற்குமாக வைத்தியர்களுக்கு வழங்கப்படும் கொடுப்பனவை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக்க முடிவெடுக்கப்பட்டது. கூட்டிய அந்த 35,000 ரூபா தங்களுக்கும் வேண்டும் என்று 72 சுகாதாரச் சங்கங்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர்.

இந்த வேலைநிறுத்த நாட்களில் மருந்துக்காகக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பிய ஏழை நோயாளிகளின் துன்பமும் உண்மையானது. தனியார் வைத்தியசாலைக்குப் போகப் பணமில்லாத வன்னிக் குடும்பங்களுக்கு அரச வைத்தியசாலையை விட்டால் வேறு வழியில்லை. அந்தக் குடும்பங்களின் வாசலுக்கு வருபவரும் இதே போராட்டக்காரர்தான். ஆகவே நோயாளியா, பணியாளரா என்று ஒரு பக்கம் சாயவேண்டிய வழக்கல்ல இது.

2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தியது. ஆனால் மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிடும் விகிதம் குறைக்கப்பட்டதால், மார்ச்சில் மறுபடியும் போராட்டம் வெடித்தது.

இந்தக் கணக்குகளுக்குள்ளேயே வராதவர்களும் உண்டு. வடக்கின் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டுப் பல தடவை வீதிக்கு வந்திருக்கிறார்கள். நிரந்தரமில்லாத வேலையில் ஓய்வூதியமும் இல்லை, கடன் எடுக்க ஆதாரமும் இல்லை.

இந்தியாவின் கேரளத்தில் ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர்களின் நிலையும் இதற்குப் பக்கத்தில்தான். 7,000 இந்திய ரூபாய் மாத மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கோரி 2025 பெப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு கிடைத்தது ஆயிரம் ரூபாய் உயர்வு.

வன்னியில் செய்யக்கூடியவை தெளிவாகவே உள்ளன. ஆட்தொகையோடு ஓடும் தூரத்தையும் கணக்கில் எடுத்துப் போக்குவரத்துக் கொடுப்பனவை வகுக்கலாம். வெற்றிடங்களை நிரப்பும்போது ஆண்டுக்கணக்கில் உழைத்த தொண்டர்களுக்கு முதலிடம் கொடுக்கலாம். மாகாண சுகாதாரத் திணைக்களமும் மத்திய அமைச்சும் இதை ஒன்றாக இருந்து தீர்மானிக்கவேண்டும். வன்னியின் மக்கள் பிரதிநிதிகள் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே இதைக் கேட்கவேண்டும்.