மவுஸ் யார் கையில்?

உங்க பள்ளியில கம்ப்யூட்டர் லேப் இருந்ததா? எங்க பள்ளியிலும் இருந்தது. செருப்பை வாசல்லயே கழற்றி விட்டுட்டுத்தான் உள்ளே போகணும். ஒரு கம்ப்யூட்டருக்கு ஐந்து பேர். மவுஸ் பிடிக்கிறவன் ஒருத்தன், மத்த நாலு பேரும் வேடிக்கை. நான் அந்த நாலு பேரில் ஒருத்தன். முதலாம் ஆண்டு சி புரோகிராமிங் லேபில், ஃபைலை எங்கே சேவ் பண்ணினோம்னு தெரியாம முழிச்சப்பதான் பள்ளியில எதை இழந்தேன்னு புரிஞ்சுது.

சரி, பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித் தரணும்? வேர்டும் பவர்பாயிண்டும் மட்டும் போதுமா? போதாது என்று முடிவெடுத்த நாடு இங்கிலாந்து. அங்கே 2014 செப்டம்பரில் பழைய ஐ.சி.டி. பாடத்தை எடுத்துவிட்டு 'கம்ப்யூட்டிங்' என்ற பாடத்தைக் கொண்டு வந்தார்கள். அல்காரிதம் என்றால் என்ன என்பதை ஐந்து வயதிலிருந்தே தொடங்குகிறார்கள். பக்கத்து மாநிலமான கேரளம் 2001-லேயே 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கி, கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளுக்குக் கொண்டு போனது.

"லேபே பூட்டிக் கிடக்குதே, என்ன பண்றது?" என்கிறீர்களா? கம்ப்யூட்டரே வேண்டாம்! நியூசிலாந்தின் டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் உருவாக்கிய 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்டு' முறையில் இப்படி ஒரு விளையாட்டு இருக்கு.

ஐந்து சார்ட் அட்டைகளில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள் வையுங்க. ஐந்து பிள்ளைகளை வரிசையா நிறுத்தி, ஆளுக்கு ஒரு அட்டை கொடுங்க. "11 புள்ளி காட்டுங்க" என்று சொல்லுங்க. 8, 2, 1 அட்டைகள் மட்டும் முன்பக்கம் தெரியணும், மற்றவை திரும்பியிருக்கணும். தெரிந்தால் 1, திரும்பியிருந்தால் 0 என்று எழுதினால் 01011. இதுதான் பைனரி! ஐந்து அட்டையும் தெரிந்தால் 31. "அப்போ 32-க்கு?" என்று கேளுங்க. முந்தைய அட்டைகள் ஒவ்வொன்றும் இரட்டிப்பாவதைக் கவனித்த பிள்ளை, "இன்னொரு ஆள் வேணும், அவன் அட்டையில 32 புள்ளி" என்று சொல்லிவிடும்.

கவனிச்சீங்களா? அதே ஐந்து பேர்தான். ஆனா இங்கே யாரும் வேடிக்கை பார்க்கவில்லை.

லேப் திறந்திருந்தாலும் இதே விதிதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கை மாறணும். மவுஸ் பிடிக்காதவர் அடுத்து என்ன செய்யணும்னு சொல்லணும்.

அடுத்த செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது ஐந்து அட்டைகளை எடுத்துக்கிட்டுப் போங்க. ஓரமா நிற்கிற அந்த நாலாவது பையனை முதலில் கூப்பிடுங்க.